கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலி

மார்ச் 3

இடுப்பு வலி. வாசலில் பனி இன்னும் உருகவில்லை. வின்ஸ் இன்றும் ரொட்டியைக் கருக்கிவிட்டு, "கரி வயித்துக்கு நல்லது" என்றார். இத்தனை வருடக் கல்யாணத்தில் இதே பதில்தான்.

மாநில உச்ச நீதிமன்றத்து நீதிபதி பதவிக்கு வாரன் ட்ரஸ்காட் பெயரை ஆளுநர் சொல்லியிருக்கிறார். எங்கள் மாவட்டத்து நீதிபதி. இந்த மாவட்டத்துச் செனட்டர் நான், ஆகவே ஒப்புதல் சீட்டு என் மேசைக்கு வரும். சொந்த மாவட்டத்துச் செனட்டர் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் செனட்டில் விசாரணையே கிடையாது, ஆள் அப்படியே நின்றுபோவார். காரணமும் சொல்ல வேண்டாம். இந்த வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிடுவேன். தங்கமான மனிதர். அம்மாவை அடக்கம் செய்த அன்று மழையில் கடைசிவரை நின்றவர்.

மார்ச் 11

மரீசா கின்டானா என்று ஒருத்தி ஆபீசுக்கு வந்தாள். நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். ஸ்வெட்டரெல்லாம் நாய் முடி. சட்டம் படித்தவளாம். பதினெட்டு வருடம் முன்னால் ட்ரஸ்காட்டிடம் பயிற்சி எழுத்தராக இருந்தாளாம். ஒரு நாள் கதவு சாத்தியிருந்தது. சுவரோடு நிறுத்திக் கை வைத்தார். தள்ளிவிட்டு ஓடினாள். மறுவாரம் "வேலைக்குத் தகுதி போதாது" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கோர்ட் படியும் ஏறவில்லை.

"கதவு எப்பவும் திறந்துதான் மேடம் இருக்கும். அவரோட செகரட்டரி டோரீன் ஒரு நாற்காலிய முட்டுக்கொடுத்து வைப்பாங்க. அன்னிக்கு நாற்காலி இல்ல."

அழவில்லை. நான் கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 12

அந்த ஆளா? அந்த மழையில் எனக்குக் குடை பிடித்த கையா?

மார்ச் 14

செனட்டில் எங்கள் கட்சித் தலைவர் கஸ் பெட்ராகிஸிடம் சொன்னேன்.

"பதினெட்டு வருஷக் கதை, ரோஸ். ஒருத்தி வந்து சொன்னாங்கறதுக்காக ஒரு மனுஷன் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா?"

"நாளைக்கு இந்த மாதிரி கேசு அவர் முன்னாடிதான் வரும், கஸ்."

மோவாயைச் சொறிந்தார். "சரி, சீட்டை டிராயர்ல போட்டுடு. உன் உரிமை. யாருக்கும் நோகாது, அவனும் மானத்தோட ஒதுங்கிப்பான்."

பாம்பும் சாகாமல், கம்பும் நோகாமல். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 19

மரீசாவுக்கு நானே போன் செய்தேன், பெருமையாக. சீட்டு என்னிடமே கிடக்கும், அவர் மேலே போகமாட்டார் என்றேன். நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப என்னையும் சேத்துத்தானே டிராயர்ல பூட்டுறீங்க" என்றாள்.

"விசாரணைன்னா உன்னைக் கிழிகிழின்னு கிழிப்பாங்கம்மா."

"கிழிக்கட்டும் மேடம். இத்தனை வருஷமா நானே என்னைக் கிழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நான் சொல்றது பொய்னா, அவரும் என்னை நேருக்கு நேர் பொய்னு சொல்லட்டும்."

பின்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. அவள் சொல்வதுதானே நியாயம்? வாயைத் திறக்காமல் ஒருவரைக் கவிழ்க்கலாம், வாயைத் திறக்காமல் தப்பவும் விடலாம். இதுவா உரிமை? வெட்கக்கேடு.

மார்ச் 20

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 24

நான் கையெழுத்துப் போட்டதும் மரீசாவின் புகாரும் வெளியே தெரிந்துவிட்டது, தெருவில் இறங்க முடியவில்லை. "விலைபோயிட்டீங்களா?" என்று மகளிர் அமைப்பிலிருந்து போன். ட்ரஸ்காட் ஆட்களோ பூங்கொத்து அனுப்புகிறார்கள். அதை எங்கே வைப்பது? குப்பைக் கூடையில் வைத்தேன். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று வின்ஸ் சிரிக்கிறார். சிரிக்கட்டும். கருகின ரொட்டி.

ஏப்ரல் 8

இன்று செனட் குழுவில் விசாரணை நடந்தது, கஸ்ஸும் நானும் அந்தக் குழுவில் உண்டு. சந்தோஷம் ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

மரீசா முதலில் பேசினாள், நாற்காலி உட்பட ஒன்றும் விடாமல். கிழித்தார்கள்தான். ஏன் அப்போதே சொல்லவில்லை, யார் தூண்டிவிட்டார்கள், எல்லாம். அசையவில்லை.

அடுத்து ட்ரஸ்காட். "இந்த அம்மாவை எனக்கு ஞாபகமே இல்ல. என் ரூம் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும். டோரீனையே கேளுங்க."

டோரீன் அவருடைய சாட்சி. வெள்ளை முடி, முத்துமாலை. இத்தனை வருடத்தில் தன் பிறந்தநாளை ஐயா ஒருமுறைகூட மறந்ததில்லை என்றாள். அப்புறம் என் முறை.

"கதவு தானா திறந்து நிக்குமா, டோரீன்?"

"இல்ல மேடம், அது தானா சாத்திக்கிற கதவு. நாற்காலி போட்டு வைப்பேன்."

"எப்பவுமா?"

"சின்னப் பொண்ணுங்க உள்ள போனா."

"ஆம்பளைங்க போனா?"

"போடமாட்டேன்."

"ஏன் டோரீன்?"

என்னைப் பார்க்கவில்லை. திரும்பி மரீசாவைப் பார்த்தாள். "அன்னிக்கு எனக்குப் பல்லு புடுங்கினாங்கம்மா. நான் லீவு."

அவ்வளவுதான். ட்ரஸ்காட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

குழுவில் ஒன்பது பேர் எதிராக, இரண்டு பேர் ஆதரவாக. கஸ்ஸும் எதிராகத்தான். வெளியே வந்து, "கையெழுத்துப் போட்டே கவுத்திட்டியே கிழவி" என்றார். ஜெயித்தோம். வெளிச்சத்தில் வைத்து ஜெயித்தோம். மரீசா என்னைக் கட்டிக்கொண்டாள். என் கருப்புக் கோட்டெல்லாம் நாய் முடி. தட்டிவிடவில்லை. வின்ஸ் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு வாங்கி வந்திருந்தார், கருகாதது. முக்கால்வாசி நானே தின்றேன்.

ஏப்ரல் 16

இருந்த நீதிபதி பதவியையும் ட்ரஸ்காட் விட்டுவிட்டார். அம்மா அடக்கத்தில் அவர் நின்றது பொய்யில்லை. இதுவும் பொய்யில்லை.

ஜூன் 4

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிப்ரவரியில் மரீசா வக்கீல் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். வக்கீலாக உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு என்னையும் கூப்பிட்டாள். புது நீதிபதி முன்னால், ட்ரஸ்காட் இருந்த அதே அறையில். வேறு அறை பார்க்கலாமே என்றதற்கு, "அதேதான் வேணும்" என்றாளாம்.

கையை உயர்த்தி அவள் உறுதிமொழி சொல்ல ஆரம்பிக்கும்போது, இன்னும் அங்கேயே செகரட்டரியாக இருக்கும் டோரீன், கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மரீசா திரும்பிப் பார்க்கவில்லை.

"காலு வலிக்குது" என்று சொல்லிவிட்டு டோரீன் அதில் உட்கார்ந்தாள்.