அய்யனார் கோயிலில் ஒரு முக்குளிப்புக்காரி

பொன்னமராவதி,
ஞாயிற்றுக்கிழமை.

ஏழு கடலையும் கலக்கி எடுக்கிற என் அருமை மருமகள் பிரகதீஸ்வரிக்கு,

இங்கே நான், உங்கம்மா, செவந்தி அத்தை, கொட்டகையில் கட்டியிருக்கிற ஆட்டுக்குட்டி வரைக்கும் எல்லாரும் சுகம். அங்கிட்டு நீயும், உன்னை நம்பிப் பவளப்பாறையில் குடியிருக்கிற மீன்களும் சுகமாயிருக்க அய்யனார் துணை நிற்கட்டும். போன் இருக்கையில் எதுக்குக் கடிதம் என்று கேட்பாய். அந்தமானில் உன் சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது, அது நிற்கிற கொஞ்ச நேரத்திலும் உங்கம்மா பக்கத்தில் நின்று நான் சொல்கிற ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் போடுகிறாள். இந்தச் சரித்திரத்தைத் திருத்தமில்லாமல் நான் ஒருத்தன்தான் எழுத முடியும்.

ஆறு மாதம் வெளித்தீவில் தங்கித் தினமும் கடலுக்கடியில் இறங்கிப் பவளப்பாறை ஆராய்ச்சி செய்யணும், அம்மா சரின்னு சொன்னால்தான் பேராசிரியரிடம் பேர் கொடுப்பேன், அந்தச் சரியை நீங்கதான் வாங்கித் தரணும் மாமா என்று என் தலையில் கட்டினாயே. இமயமலையைப் பெயர்த்து நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் வை என்று நீ சொல்லியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்திருப்பேன். உங்கம்மாவை அசைப்பது அப்படியா? உங்கப்பா போனதிலிருந்து அவளுக்கு நீ ஒருத்திதான். நீ ஸ்நார்க்கல் குழாயைக் கடித்துக்கொண்டு மேலாக்க மிதந்து மீன் பார்த்தவரைக்கும் தாங்கிக்கொண்டாள். முதுகில் சிலிண்டரைக் கட்டி அடிக்கே போகிறாய் என்றதும் அய்யனாருக்கு நேர்ந்துவிட்டாள். மகள் பயிற்சி முடித்து நல்லபடியாக மேலே வந்தால் அவள் உருவத்தை மண்ணில் செய்து, மண்குதிரை சுமந்துபோகிற புரவி எடுப்பில் கொண்டுவந்து வைக்கிறேன், அதோடு கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புள்ளை வீட்டுக்கு வந்துவிடணும் என்று. நீ போனில் முக்குளிப்பைப் பற்றி ஆரம்பித்தாலே, ஒங்க மாமாகிட்டச் சொல்லு என்று என் கையில் திணித்துவிட்டுச் சட்டி தேய்க்கப் போய்விடுவாள். நானும் ஸ்பீக்கரில் போட்டு உம் கொட்டிக்கொண்டிருப்பேன்.

நீ பயிற்சியை முடித்ததும் உருவம் செய்யக் குழந்தைசாமி வேளாரிடம் சொன்னேன். படகில் நீ நிற்கிற போட்டோவைக் காட்டினேன். கண்ணாடி, சிலிண்டர், வாயில் குழாய், காலில் துடுப்பு என்று எல்லாம் இருக்கிற படம். அவர் அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, வெளங்கிருச்சு, உங்க கடைச் சாமான்தானே என்றார். உரக்கடைக்காரன் எதற்கும் ஆமாம் போட்டுப் பழகியவன், ஆமாம் என்றுவிட்டேன். புரவி எடுப்பு அன்றைக்கு ஊரே திரண்டது, குலவைச் சத்தம் சிங்கப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். துணி போர்த்திய உருவத்தைக் கோயிலில் இறக்கித் துணியை விலக்கினால், அம்மாடி, ரோஸ் கலரில் ஒரு பொம்பளை, வெல்டிங் பட்டறைக் கண்ணாடி, வாத்துக்கால், முதுகில் வயலுக்கு மருந்தடிக்கிற டேங்க்! குழாயை அப்படியே முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறாய். ஏன்யா இப்படி என்றால் வேளார், படத்துல குழாய் வாய்ல இருந்துச்சு, மருந்து உள்ள போயிரப்போகுதேன்னு நான்தான் மாத்திக் கையில கொடுத்தேன் என்கிறார்.

கூட்டத்தில் நின்ற பொன்னுத்தாய், இது என்ன புதுச் சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலையாண்டி ஒரு மாலையைச் சாத்தி, ஆத்தா, எங் கத்திரிக்காப் புழுவை நீதான் ஒழிக்கணும் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். அன்று சாயந்திரமே வட்டாரத்துப் புழுவெல்லாம் மூட்டை கட்டி மதுரைக்குப் பஸ் ஏறியதாகக் கேள்வி. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை ஆத்தா. நேர்த்திக்கடன் கெட்டது, உன் ஆறு மாதமும் கெட்டது என்று பயந்துபோய் உங்கம்மாவைப் பார்த்தேன்.

அவள் தேங்காய்த் தட்டைக் கீழே வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எந்திரிங்கண்ணே, அது மருந்து இல்ல, காத்து, அமுக்கி அடைச்ச காத்து என்றாள் மலையாண்டியிடம். வேளார் பக்கம் திரும்பி, குழாயைக் கையில கொடுத்தா எம் பொண்ணு எப்படி மூச்சு விடுவா, வாய்க்கு மாத்துங்க என்றாள். அவர் அங்கேயே மண்ணைக் குழைக்க ஆரம்பித்துவிட்டார். அவள் நிறுத்தவில்லை. தனியா எறங்க மாட்டா, கூட ஒரு ஆளு எப்பவும் இருக்கும். உள்ள மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கிட்டே இருக்கணும். மேல வரையில அவசரப்படக் கூடாது, நடுவுல கொஞ்சம் நின்னு ஒடம்பு பழகித்தான் வரணும். கிளிமீனுன்னு ஒண்ணு பவளப்பாறையைக் கடிச்சுத் தின்னுட்டு மணலா வெளிக்கிருக்கும், அந்தக் கடக்கரையில பாதி மணலு அதுதான் என்று அவள் சொல்லச் சொல்லக் கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. நான்தான் அதிகமாகப் பிளந்தேன். பொன்னுத்தாய், ஒத்தப் புள்ளையை அனுப்பிட்டு ஒனக்குப் பயமா இல்லையாக்கா என்று கேட்டாள். உங்கம்மா பொம்மை மேல் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டாள். பயம்தான், ஆனா எப்படி மேல வரணும்னு தெரிஞ்சுதான் அவ கீழ போறா என்றாள்.

அய்யனாருக்கு நன்றி, வேளாருக்கு ஒரு புது வேட்டி. பெரிய நன்றி உனக்குத்தான் தாயி. வாராவாரம் அலுக்காமல் எனக்குப் பாடம் நடத்தினாய். நான் பாதி நேரம் குறட்டை. இப்போது யோசித்தால், நீ பேசுகிற நேரத்தில் சட்டி தேய்க்கிற சத்தமே கேட்டதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், பேர் கொடுக்கச் சொல்லவா என்று மெல்லக் கேட்டேன். கொடுக்கச் சொல்லுங்கண்ணே, அது முடிஞ்சு வந்ததும் இன்னொரு உருவம் வைக்கணும், வேளார்கிட்ட இந்தத் தடவை நான் பேசிக்கிறேன், நீங்க வாயைத் தொறக்காதீங்க என்றாள்.

ஆகவே பேர் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, உப்புத் தண்ணியில் ஊறுகிற தலைக்கு எண்ணெய் வை, கூட ஆள் இல்லாமல் இறங்காதே. கடலளவு ஆயுசும் கண்மாயளவு பொறுமையும் உனக்கு வாய்க்கட்டும். முக்கியமாக ஒன்று, அடுத்த ஞாயிறு நேராக உங்கம்மாகிட்டப் பேசு. அவள் போனை என்னிடம் நீட்டினால் நான் வாங்கமாட்டேன். சட்டியை நான் தேய்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனும், பொன்னமராவதி உர சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியுமான
உன் மாமன் ஆவுடையப்பன்