தட்டில் 80 என்றுதான் போட்டிருக்கிறது

8 பிப்ரவரி 1994, ருவைஸ்
மூடுபனி. பஸ் அரை மணி லேட். இன்று:
– பிரஷர் கேஜ் மூன்று
– லீவு ஃபாரம்
– மேனேஜரின் கிராமபோன்!!
இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் என்றால் வீட்டுச் சாமானும் பார்ப்பானா? வெள்ளைக்காரரின் தாத்தா வைத்திருந்த சாவி கொடுக்கும் பெட்டி. கூட இருபது இசைத்தட்டு, எல்லாம் 1910-இல் லண்டனில் வந்தவை. வியாழன் மாலை கிளப்பில் அந்த வருஷத்து இங்கிலீஷ் சங்கீதம் பற்றிப் பேசப்போகிறார். தட்டில் ஒருத்தி பாட, மேனேஜரின் மனைவி கூடவே பியானோ.
ஃபாரம் அவர் மேஜையில். "முதலில் பெட்டி. பிறகு கையெழுத்து."
மூன்று வாரத்தில் அப்பாவுக்குத் தலைத் திவசம். போன வருஷம் காரியத்துக்கே விடவில்லை. பிளான்ட் ஷட்டவுனாம்.

9 பிப்.
ஸ்பிரிங் மாற்றினேன். டேக்கோமீட்டர் வைத்து நிமிஷத்துக்குச் சரியாக 78 சுற்று. அப்புறம்தான் பார்த்தேன், பாட்டுத் தட்டின் லேபிளில் பொடி எழுத்தில் 80. வேகம் குறைந்தால் சுருதி இறங்கும், பியானோவோடு சேராது. போய்ச் சொன்னேன்.
"எல்லாத் தட்டும் எழுபத்தெட்டுதான். வாதாடாதே."
கேம்ப் கடை சாகுல் பாயிடம் கொட்டினேன். கீழக்கரைக்காரர். "உடுங்க தம்பி. கையெழுத்த வாங்கிட்டு ஃபிளைட் ஏறுங்க. அவன் பாட்டு எப்படிப் போனா நமக்கென்ன?"
78-லேயே விட்டேன். எரிகிறது.

10 பிப்., வியாழன்
கிளப். எங்களுக்கு நாற்காலி மாஃபி, சுவரோரம் நின்றோம். மேனேஜர் பேச்சு: அது ராஜா செத்த வருஷம். நாடகக் கொட்டகைகளை மூடினார்களாம், ஊரே கறுப்பு உடுத்தியதாம். ராஜாவுக்குக் கொட்டகை மூடலாம். எங்கப்பாவுக்கு ஒரு ஆளை விட முடியாது.
பாட்டு. குரல் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம். சிரிப்பு. மனைவி கையை எடுத்துவிட்டார். மேனேஜர் மைக்கில்: "என் டெக்னீஷியன் தப்பாக வைத்துவிட்டான்."
எல்லாத் தலையும் என் பக்கம்.
நேரே போனேன். வேக முள்ளை 80-க்குத் திருப்பினேன். குரலும் பியானோவும் ஒட்டிக்கொண்டன. கைதட்டல், அவருக்கு.
(பாடியவள் குரல் நல்ல குரல். அதையும் எழுதி வைக்கிறேன்.)

12 பிப்., சனி
புழுதிக்காற்று. கையெழுத்து இல்லை. "அடுத்த வியாழன் அபுதாபியில் இதே நிகழ்ச்சி. அது முடியட்டும்."
சாகுல் பாய்: "கலாஸ், முடிஞ்சுது! ஒங்க லீவும் தட்டோட சேந்து சுத்துது தம்பி."
மத்தியானம் மேனேஜர் வீடு. ஆயில் போட வேண்டும் என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். வேகத்தைப் பிடித்து வைக்கும் ஸ்க்ரூ இப்போது என் சட்டைப் பையில். இது இல்லாமல் 78-உம் இல்லை, 80-உம் இல்லை. தட்டு தறிகெட்டு ஓடும்.

13 பிப்.
காலை ஏழு, ஆபீஸ். ஃபாரம், பேனா, பக்கத்தில் ஸ்க்ரூ. அவர் முன்னால் வைத்து, பெட்டியில் கழற்றியது என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
"முதலில் கையெழுத்து. பிறகு பெட்டி."
முகம் சிவந்தது. முறைத்தார். நானும். பேனா மூடியைக் கழற்றினார்.