இரைச்சல் நீக்கப்பட்ட பதிவுகள்

எங்கள் வீட்டு டாக்டரம்மாவுக்கு, என் கிரேஸ் அக்காவுக்கு,

நீ போன பிறகு மூன்று கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. இத்தனை நாள் எழுதாதவள் இப்போது உட்கார்ந்து எழுதுகிறாள் என்றால் நல்ல சேதி இல்லை என்று உனக்கே தெரிந்திருக்கும். உன் கேசட்டுகள் போய்விட்டன அக்கா. ஒன்றுகூட மிச்சமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ ஆயுசெல்லாம் பாடம் நடத்திய மருத்துவக் கல்லூரியில் பழையதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கப் போகிறார்களாம். அந்தக் காலத்துப் பாடப் புத்தகங்கள், பேராசிரியர்கள் கையால் வரைந்த படங்கள், ஆபரேஷன் தியேட்டர் போட்டோக்கள், அவற்றோடு உன் கேசட்டுகளும். பிரின்சிபாலே மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்து கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் பீரோவில் இருந்ததையெல்லாம் பிஸ்கட் டப்பாவோடு தூக்கிக் கொடுத்தேன்.

அது என்ன கேசட் என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பேசுவதற்கு ஒரு மைக், ஸ்டெதாஸ்கோப் குழாய்க்குள் செருகிய ஒரு குட்டி மைக். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வார்டில் படுத்திருந்தவர்களின் மார்புச் சத்தத்தை நீ பதிவு செய்தாய். எந்த இடம், என்ன நோய் என்று முதலில் நீ சொல்வாய். பிறகு நீ வாயை மூடிக்கொள்வாய். அவர்கள் மூச்சு மட்டும் கேட்கும். உன் மாணவர்கள் அதைக் கேட்டுத்தான் காதைப் பழக்கிக்கொண்டார்கள். சத்தம் கெட்டுவிடும் என்று மே மாதத்தில்கூட ஃபேனை நிறுத்தச் சொல்வாயாம். மீன் விற்கிற அம்மா ஒருத்தி, “இன்னாம்மா, காத்தாடிய நிறுத்திக்கினு மூச்ச இழுத்து வுடுன்னா எப்டி வுடுறது?” என்று கேட்டதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

கடைசி கேசட் வார்டில் எடுத்தது இல்லை. உன் நுரையீரலே தழும்பேறிச் சுருங்கத் தொடங்கியபோது, நம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நீயே எடுத்தது. இவ்வளவு தெளிவாக எனக்கு ஒரு பேஷன்ட் கிடைத்ததே இல்லை, விடுவேனா என்றாய். உன்னை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. ஆனாலும் நீ சொன்ன இடத்திலெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பை உன் முதுகில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன் போட்டோ எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. உன் மூச்சு அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருந்தது.

போன வாரம் கல்லூரியில் எனக்கு ஒரு சிடி கொடுத்தார்கள். போட்டேன். உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல அத்தனை சுத்தம். “இப்ப கேளுங்க” என்கிறாய். அப்புறம் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று கிறிஸ்துமஸ் பாட்டு போட்டுப் பார்த்தேன், பாடியது. ஒவ்வொரு பதிவாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீ பேசுகிறாய், எதிலும் யாரும் மூச்சு விடவில்லை.

சிடி போட்டுத் தந்தவர் கீழ்க்கட்டளையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோ, சர்ச் கொயர் கேசட் எல்லாம் மாற்றித் தருகிறவர். சண்டை போடத்தான் போனேன். அவரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, பெருமையாக ஆரம்பித்தார்.

“பேச்சுக்கு நடுவுல கரகரன்னு ஒரே இரைச்சல் மேடம். நானே உக்காந்து ஒண்ணு விடாம க்ளீன் பண்ணிட்டேன்.”

“அந்த இரைச்சல்தான் சார் எங்க அக்கா.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து தேடினார். க்ளீன் பண்ணாத பதிவை டிஸ்கில் இடமில்லை என்று அழித்திருந்தார். கேசட்டுகளைக் கல்லூரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கே ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது, அதுதான் சிடி வந்தாயிற்றே, பூஞ்சை பிடித்த கேசட் எதற்கு என்று குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தாலாவது எனக்கு அழுகை கொஞ்சம் குறையும்.

நீ ஏன் அக்கா ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை? ஊருக்கெல்லாம் மாத்திரையை இரண்டு வேளைக்குக் கூடுதலாகவே எழுதிக் கொடுப்பாயே, இதில் மட்டும் ஏன் கஞ்சத்தனம்?

குன்றத்தூரில் கிளினிக் வைத்திருக்கும் உன் பழைய மாணவர் ஒருவர் உன் கடைசி கேசட்டைக் காப்பி எடுத்திருந்தார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பரணில் ஏறித் தேடி எடுத்தும் கொடுத்தார். போட்டால், அதன்மேல் அவர் மகளின் பாட்டு வகுப்பு. அவர் தலை நிமிரவில்லை. குழந்தை நன்றாகப் பாடுகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை அந்த இன்டர்நெட் பக்கத்துக்குத் திறப்பு விழா. உன் பதிவுகளை மட்டும் போடாதீர்கள் என்று பிரின்சிபாலிடம் கெஞ்சினேன். டாக்டர் குரல் இருக்கிறதே, ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்கிறார். புதிதாகப் படிக்க வந்த பிள்ளை ‘தழும்பேறிய நுரையீரல்’ என்று எழுதியிருக்கும் இடத்தை அழுத்திவிட்டு, ஒன்றுமே கேட்காமல், இதுதான் அந்தச் சத்தம் போலிருக்கிறது என்று நினைத்தால்? நாளைக்கு அவன் யாரோ ஒருத்தியின் முதுகில் குழலை வைத்துவிட்டு, உங்களுக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினால்? உன்னையும் முதலில் ஒருவர் அப்படித்தானே அனுப்பினார்.

இன்று மத்தியானம் சிடியில் உன் கடைசிப் பதிவை மறுபடியும் போட்டேன்.

“சுசீ, இன்னும் கொஞ்சம் கீழ வை” என்கிறாய்.

“இங்கயாக்கா?”

“அங்கதான். அசையாதே.”

பிறகு ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் ஒன்றும் இல்லை! அதற்கப்புறம் மாணவர்களிடம் சொல்கிறாய்: “சரியா கேக்கலன்னா, காதுகிட்ட கொஞ்சம் முடிய எடுத்து விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க. அதே சத்தம்தான்.”

தேய்த்துப் பார்த்தேன் அக்கா. என் நரைமுடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு. கேட்டது. மெல்லிசாக, நொறுநொறு என்று, உன் முதுகில் கேட்ட அதே சத்தம். ஒரு மூச்சு அளவுக்குத் தேய்த்துவிட்டு, அடுத்ததை நீ இழுப்பாய் என்று கையை நிறுத்திக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் போவேன். மேடையில் அவர்கள் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் எழுந்து நிற்பேன். இங்கே ஒரு சத்தம் இருந்தது, அதை நாம் அழித்துவிட்டோம் என்று உன் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எழுதும்வரை உட்கார மாட்டேன். பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் ஒரே தங்கை,
சுசீலா