கப்பல் விருந்துக்கு ஒரு கோட்டு

பத்மா,

உன் தம்பி கஜபதியின் கல்யாணக் கோட்டை இஸ்திரி போடுகிறேன் பேர்வழி என்று முதுகில் பெரிய ஓட்டை போட்டுவிட்டேன். கப்பலில் வேலை பார்க்கிற அவன்தான் நமக்கு மூன்று நாள் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துத் தந்தான். கோட்டையும் தந்தான். கேப்டன் விருந்துக்குக் கோட்டு இல்லாத ஆம்பிளையை உள்ளே விடமாட்டார்களாம். வேட்டியைப் பார்த்தால் கடல் கோபித்துக்கொள்ளும் போல!

அதனால் அரக்கோணம் போகிறேன். ரயில்வே கார்டு ஆனந்தன் தன் கோட்டைத் தருகிறார். அதைப் போட்டுக்கொண்டு போனால் கேப்டன் என்னிடம் பச்சைக்கொடி கேட்பார். கேட்கட்டும்.

ரசம் வைத்திருக்கிறேன். உப்பு போட்டேனா, நினைவில்லை. நீ வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளிடம் கொடு.

பி.கு.: கப்பலுக்கு வருகிறாயா என்று ஒரு வாரமாகக் கேட்கிறேன், “பாக்கலாம்” என்கிறாய். பட்டுக்காரிகள் நடுவே பருத்திச் சேலையோடு எப்படி உட்காருவது என்றா? நீ இல்லாமல் நான் போகமாட்டேன். வரியா, மாட்டியா? கீழே எழுதி வை.

(அடியில், பத்மாவின் கையெழுத்தில்)

ஆங், வரேங்க. பருத்தியிலதான் வருவேன். யாராச்சும் என்னப் பாத்து சிரிச்சா, நான் உங்களப் பாத்து சிரிச்சிக்கினு இருப்பேன்.