குறுக்கே வைத்த துடைப்பம்

மார்ச் 3, ஞாயிறு

இன்றோடு எனக்கு அறுபது. மொராக்கோவின் இந்தச் சலே நகரமே கொடியேற்றியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பூனைகூட எட்டிப் பார்க்கவில்லை. தங்கை ருக்கியாவின் மகள் திலிலா மட்டும் வந்தாள். எங்கள் தாத்தா பாட்டியின் மளிகைக் கடையைப் பற்றிக் குடும்பத்துக்கென்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கப் போகிறாளாம். இந்தப் பூமியில் என்னைவிட்டால் யார் சொல்வது? சொன்னேன். இப்ராஹிம் தாத்தா உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினால், அது சீனாவரை போய்த் தேயிலை எடுத்து வரும். இஜ்ஜா பாட்டி ஆட்டிய ஆர்கன் எண்ணெயின் வாசத்தில் செத்த கழுதை எழுந்து ஓடியது. (போன வருஷம் சொன்னபோது இரண்டு கழுதை.)

கடைசிப் பக்கத்தை அவளே எழுதி வைத்திருக்கிறாள். வாசித்துக் காட்டினாள்: ‘கடைக்குள் தொழுதுகொண்டிருக்கையில் இப்ராஹிமின் உயிர் பிரிந்தது.’

அதற்குப் பிறகு எனக்குக் கதை வரவில்லை.

மார்ச் 4

ரொட்டியைப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டேன்.

மார்ச் 7

இந்த நாட்குறிப்பில் மட்டுமாவது எழுதிவிடுகிறேன்.

இங்கே கடைக்காரர் தொழப் போனால் வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே வைப்பார். பூட்டு வேண்டாம், யாரும் தாண்டமாட்டார்கள். தாத்தா இறந்த அன்று பாட்டி தேநீரோடு வந்தாள், துடைப்பத்தைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். சாகும்வரை அதையே சொன்னாள்: “அல்லாவோட பேசிக்கிட்டு இருந்தாரு. நான் குறுக்க போவலை.”

பேசவில்லை, பாட்டி. மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். துடைப்பத்தை வைத்தது நான். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தாத்தா உள்ளே படுத்திருந்தார். காப்பிக் கடைத் தொலைக்காட்சியில் கால்பந்து, பார்க்கப் போய்விட்டேன். யாராவது கூப்பிட்டு அவர் எழுந்துவிட்டால் மாட்டிக்கொள்வேனே — அதற்காகத்தான் வச்சேன். ஒன்றரை மணி நேரம். வந்தவங்க எல்லாரும் மரியாதையா திரும்பிப் போயிருக்காங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் தாண்டியிருந்தா?

மார்ச் 8, வெள்ளி

வெள்ளிதோறும் போல ருக்கியா வீட்டில் கூஸ்கூஸ், ஆவியில் வெந்த கோதுமை ரவை. தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திலிலா சிரித்தாள். “கழுதை எப்ப வரும், மாமா?”

ருக்கியா சிரிக்கவில்லை. “சாப்பிடுற இடத்துல செத்தவரை வச்சா விளையாடுவே, அண்ணே? பூசணிக்காயை எடுத்துக்க.”

எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் புளுகிச் சம்பாதித்த பெயர் வேறென்ன செய்யும்?

மார்ச் 10

நடந்ததைத் தாளில் எழுதித் திலிலாவிடம் கொடுத்தேன். பதினொரு வரி. சீனா இல்லை. கழுதை இல்லை.

மார்ச் 11

திலிலா போனில் கூப்பிட்டாள். “அம்மா படிச்சிட்டாங்க, மாமா. நான் எழுதினதை எடுத்துட்டு உங்களோடதையே போடச் சொன்னாங்க.” பிறகு, “உங்களை இப்ப வீட்டுப் பக்கம் வர வேணாம்னாங்க.”

மார்ச் 15, வெள்ளி

ரொட்டியும் ஆலிவ் காயும்.

மார்ச் 22, வெள்ளி

அதுவே.

மார்ச் 29, வெள்ளி

கதவைத் திறந்தால் ருக்கியா. கையில் துணி போட்டுக் கட்டிய கூஸ்கூஸ் தட்டு. உள்ளே வந்தும் உட்காரவில்லை.

“அந்த ஆட்டத்துல யாரு ஜெயிச்சா?”

“நம்மாளுங்க தோத்துட்டாங்க.”

“எத்தனைக்கு எத்தனை?”

“ஒண்ணுக்கு சைபர்.” ஒரு கோல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

யோசித்தாள். “தோத்தது நல்லது” என்றாள். பிறகு உட்கார்ந்து, தட்டின் முடிச்சை அவிழ்த்தாள்.