நாலாவது ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் எங்களோடு மலைக்கு வந்து, ஒன்றும் குறையாமல் எங்களோடேயே திரும்பிவிட்டது. நீயும் அத்தானும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நீ வேலைக்குப் போகும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவாய் என்று அம்மா புலம்புகிறாள், அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து.

போன கடிதத்தில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாய். வீட்டுக்கு வரலாமா, வந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்று. சுற்றுலாவில் நல்ல மனநிலையில் இருப்பார், பேச்சுக் கொடுத்துப் பார் என்றாய். போயும் போயும் என்னிடம் இந்த வேலையைக் கொடுத்தாயே! கண்டக்டரிடம் நிறுத்தம் வந்துவிட்டதா என்று கேட்கக்கூடத் தொண்டையைச் செருமிக்கொள்கிறவள் நான். உன் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா உன் பேச்சை எடுப்பதே இல்லை. நாங்கள் எடுத்தால் வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.

என் அலுவலகத்தில் எல்லாரையும் குடும்பத்தோடு அழைத்துப் போனார்கள். வழிகாட்டியின் கழுத்தில் ஒரு விசில். மலை ஏறி முடிவதற்குள் அவருக்கு விசில்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒவ்வோர் இடத்திலும் பஸ் கிளம்புமுன், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் தங்கள் ஆட்கள் எத்தனை பேர் ஏறியாயிற்று என்று உரக்கச் சொல்ல வேண்டும். அது அவர் போட்ட சட்டம். எங்களுக்கு அம்மாதான் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா டிரைவரோடு பேசுவதிலேயே இருந்தார்.

காலையில் ஏரி. நானும் அப்பாவும் மிதிபடகில் ஏறினோம். படகு நேராகப் போகாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். இதுதான் சமயம் என்று உன்னைப் பற்றிப் பேச வாயைத் திறந்தேன். ஏரி ஆழமாக இருக்குமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன். அடுத்துப் போன பூங்காவில் எல்லாரும் பூவைப் பார்த்தார்கள். அப்பா வேலிக்கம்பியின் பற்றவைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மலைமுனை. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். எதிரில் நின்றவர் மூக்கே தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. குளிரில் நடுங்கிவிட்டு எல்லாரும் பஸ்ஸுக்குத் திரும்பினோம். அம்மா களைப்பில் கண்ணயர்ந்துவிட்டாள். விசில்காரர் எங்கள் வரிசைக்கு வந்தபோது அப்பாதான் பதில் சொன்னார்.

“நாலு பேரும் ஏறியாச்சு.”

பள்ளியில் சேர்க்கப் போனபோதும் திருவிழாக் கூட்டத்திலும் ரயிலிலும் அவர் சொல்லிப் பழகிய கணக்கு அது. தானாக வந்துவிட்டது. விசில்காரர் எங்களை எண்ணிப் பார்த்தார். மூன்று பேர்தான். வெளியே வெள்ளையாகப் பனி, அதற்கப்பால் பள்ளம். அவர் முகம் செத்துப்போயிற்று. விசிலை ஊதிக்கொண்டே இறங்கி ஓடினார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அவரும் பின்னாலேயே இறங்கிப் போனார்.

நானும் இறங்கினேன். தடுப்புக் கம்பிக்கு அருகில், காணாமல் போனது யார் என்று விசில்காரர் பதறிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய பெண் என்றார் அப்பா. நெட்டையாக இருப்பாள், கண்ணாடி போட்டிருப்பாள் என்றார். என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள் என்று கேட்டதும் அப்பா பனிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தெரியாது என்றார்.

அக்கா, நான் அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன். அக்கா எங்களோடு வரவில்லை, வேறு ஊரில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். தொண்டையைக்கூடச் செருமவில்லை. விசில்காரருக்கு மூச்சு திரும்பி வந்தது. கூடவே கோபமும். இதை முன்னாடியே சொல்லக் கூடாதா என்று அப்பாவைக் கேட்டார்.

“மூணுன்னு சொல்ல வாய் வரல, தம்பி.”

அவ்வளவுதான் சொன்னார். விசில்காரர் பஸ்ஸில் ஏறி, தானே தப்பாக எண்ணிவிட்டதாக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். எங்கள் தலைமை எழுத்தர், விசில் ஊதத் தெரிந்த அளவுக்கு எண்ணத் தெரியவில்லையே என்று அவரைக் கிண்டலடித்தார். அவர் சிரித்து வைத்தார். அப்பா டிரைவர் பக்கம் போகவில்லை. இறக்கம் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா விழித்துக்கொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான் வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். அடுப்படியில் நின்று அழுதாள்.

அப்பா உன்னை வரச் சொன்னார் என்று நான் எழுதினால் அது பொய். அவர் சொல்லவில்லை. சொல்வார் என்றும் தோன்றவில்லை. சிலதற்கு அவருக்கு வாய் வராது. அதனால் அந்த வார்த்தைக்காக நீ காத்திருக்காதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. வாசலில் நின்று வரலாமா என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக உள்ளே வந்துவிடு, அக்கா.

என்றும் உன்,
தங்கை