வளைவு கட்டாத வருடம்

அன்புள்ள உங்களுக்கு,

"கக்கூஸ் கட்டுனதால ஊருக்கு என்னங்க பெருமை?" என்று கேட்கிறார் வார்டு உறுப்பினர் அருள்தாஸ். ஊராட்சி நிதி பாதியாகக் குறைந்த வருடத்தில், ஊர் எல்லையில் கட்டவிருந்த முகப்பு வளைவை நிறுத்திவிட்டு, கிராமசபை கூடும் மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டிய தலைவர் நான். அந்தச் செலவை நாளை சபை ஏற்க வேண்டும். குவைத்தில் இருந்துகொண்டு "நல்லா பேசு" என்கிறீர்கள். பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள்:

அருள்தாஸ் மதியம் தாண்டியும் பேசினார். பெண்கள் வழக்கம்போலப் பாதியில் வீட்டுக்கு ஓடுவார்கள், பிறகு கை தூக்கச் சொல்லலாம் என்பது அவர் கணக்கு. ஒருத்தியும் போகவில்லை.

"நீங்க பேசுங்கண்ணே, நாங்க இங்கிட்டே போயிட்டு வந்துர்றோம்" என்று புதுக் கழிப்பறையைக் காட்டினாள் கூட்டத்திலிருந்த அடைக்கலமேரி. மைதானமே சிரித்தது. பெண்கள் கைகளால் தீர்மானம் நிறைவேறியது. நான் வாயே திறக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி